மலைக்கு ஏறிய ஆறு

எங்கள் மதினிக்கு ஒரு வியாதி இருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டினால் சரியாகிற வியாதி இல்லை. எந்தப் படத்தை வரைந்து முடித்தாலும், அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே முதலில் தென்படுகிற ஆளிடம் நீட்டி, "இதுல என்ன குறையுது, சொல்லுங்க" என்று கேட்பாள். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டால் அவள் முகம் வாடிவிடும். "சும்மா சொல்லாதிய, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். வந்தவர் பாவம், பால் ஊற்ற வந்தவராக இருப்பார். எதையாவது சொன்னால்தான் பால் சட்டி கைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு அவரும் எதையாவது சொல்லிவைப்பார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் மதினி படத்தை அழித்திருப்பாள்.

மதினி என் அண்ணன் மனைவி. ஏரலில் பிறந்து, தச்சநல்லூருக்கு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அப்போது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறவளாக இருந்தேன். மதினி எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய மேசையைப் போட்டுக்கொண்டு பொங்கல் வாழ்த்து அட்டை, புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளச் சீட்டு, காடாத் துணிப் பை என்று எதையாவது செய்துகொண்டே இருப்பாள். வரைவதும் அவள்தான், அச்சடிப்பதும் அவள்தான். பொருட்காட்சி, மாநாடு என்று எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே ஒரு மேசை வாங்கி விற்பாள். விற்பாள் என்று நான் சொல்வது மரியாதைக்கு. விற்றது நான். அவள் வந்தவர்களிடம் குறை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு படத்தை மாற்றுவது என்றால் ரப்பரால் அழித்துவிட்டு வரைவது இல்லை. மரச்சட்டத்தில் நைலான் துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்து அடிக்க வேண்டும். அதன்மேல் ஒரு மருந்தைப் பூசி இருட்டறையில் காயவைக்க வேண்டும். எண்ணெய்த்தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து, கண்ணாடியை அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீர் விட்டால் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் மை தாளில் இறங்கும். வெயில் கூடினால் எல்லாம் இறுகிப் போகும், குறைந்தால் எல்லாம் கரைந்து போகும். கார்த்திகை மழையில் எங்கள் ஊரில் வெயிலை எங்கே போய்த் தேட? மேகம் விலகினால் அடுப்பில் கிடப்பதை அப்படியே போட்டுவிட்டு நானும் அவளும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவோம். பல நாள் நாங்கள் மேலே போவதற்குள் வெயில் கீழே போயிருக்கும்.

இவ்வளவும் செய்து ஒரு மீன்கொத்தியைத் தயார் செய்தோம். மறுநாள் காலையில் பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மூக்கு குட்டையா இருக்கு தாயி. இத வச்சிக்கிட்டு அது மீனா பிடிக்கும், தலையில ஈருல்லா குத்தும்" என்றார். மதினிக்கு அப்படி ஒரு சந்தோஷம். சட்டத்தைக் கழுவி, மூக்கை நீட்டி, மறுபடியும் மருந்து, மறுபடியும் வெயில். அடுத்த வாரம் இஸ்திரிக்காரர் வந்து, "கொக்கா மதினி இது?" என்றார். நான் அடுக்களையில் இருந்தேன். அங்கிருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன்.

"பால்காரருக்கு மாட்டப் பத்தித் தெரியும். மீன்கொத்தியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரு வெள்ளனே ஆத்தோரமாத்தான ளா சைக்கிள்ல வாராரு. நானும் நீயுமா பாக்கோம்?" என்றாள்.

படம் மட்டும் என்றில்லை. விருந்துக்குச் சொதி வைத்தால் முதல் பந்தியில் ஒருவர் காரம் கம்மி என்பார். இரண்டாம் பந்திக்கு இஞ்சிச் சாறு இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்தப் பந்தியில் ஒருவர் உஸ் என்று மூச்சு விட்டால் மூன்றாம் பந்திக்குத் தேங்காய்ப்பால் கூடும். கடைசியில் நாங்கள் வீட்டு ஆட்கள் உட்காரும்போது சட்டியில் இருப்பதற்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று சும்மாவா சொன்னார்கள்? இவள் அந்த வாயை மூடாதது மட்டுமில்லை, நாற்காலி போட்டுத் திறக்கச் சொல்லுவாள்.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். கடற்கரை ஊர்க்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். மதினி கிறிஸ்துமஸுக்கென்று ஒரு வள்ளமும் அதன்மேல் ஒரு நட்சத்திரமும் வரைந்து பையில் அடித்திருந்தாள். மஞ்சளும் நீலமுமாக அவ்வளவு அழகாக வந்திருந்தது. டீச்சர் துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு. ஆனா பாய் ஒரு பக்கம் உப்பி நிக்கி, கொடி மறுபக்கம் பறக்கு. காத்து ரெண்டு பக்கமிருந்தா வரும்?" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் துணியைக் காயப்போடப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அன்று மத்தியானச் சோறு வேகவில்லை. அடித்த பைகளை எல்லாம் மதினி கரித்துணிக்குக் கொடுத்துவிட்டாள். பொருட்காட்சிக்கு நாங்கள் கொடி இல்லாத வள்ளத்தோடு போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து போயிருந்தது.

எனக்கு அதைவிட ஆற்றாமை ஒன்று உண்டு. ஊர் பூராவும் கேட்கிறவள் என்னிடம் ஒருநாள் கேட்டதில்லை. சட்டத்தைத் தூக்க நான் வேண்டும், கண்ணாடியைப் பிடிக்க நான் வேண்டும், மண்ணெண்ணெயில் துணி நனைத்து மை துடைக்க நான் வேண்டும். படத்தில் என்ன குறையுது என்று கேட்க மட்டும் பால்காரர் வேண்டும். நானாக வாயைத் திறந்தால், "நீ சும்மா இருளா" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். சவத்த, நமக்கென்ன என்று இருந்துவிடலாம்தான். ஆனால் கையெல்லாம் மையும் மண்ணெண்ணெய் நாற்றமுமாக இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் நிற்கிறவள் நான்தானே.

அண்ணனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி போவான். அவன் பொறுமைசாலி. முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிற்றில் அட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும்போது குனிந்து குனிந்து போய்வருவான். அவன் இடுப்பில் கட்டுகிற புதுச் சாரத்தில் மதினி மை துடைத்துவிட்டதைக்கூட ஒன்றும் சொல்லாமல் விட்டவன். அந்தப் பொறுமையும் ஒரு மார்கழியில் முடிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசகர் மாநாடு நடக்கப் போகிறது, வாசல் பக்கமே நமக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டு மதினியைக் கூப்பிட்டான்.

"இன்னா பாரு. ஒரு டெய்லர் நம்ம முன்னறைய வாடகைக்குக் கேக்கான். நான் பொங்கல் வரைக்கும் பொறுக்கச் சொல்லிருக்கேன். இந்த மாநாட்டுல எல்லாத்தையும் வித்துட்டு வெறுங்கையா வா, ஒன் மேசை முன்னறையிலயே கெடக்கட்டும். ஒரு பெட்டி திரும்பி வந்துச்சுன்னாலும் சாவிய அவன் கையில குடுத்துருவேன். பொறவு என்ன ஏதுன்னு கேக்கப்பிடாது."

மதினி சரிங்க என்றாள். அவன் போன பிறகும் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். "இந்த அறை போச்சுன்னா நான் சோறு மட்டுந்தான் ளா பொங்கணும்" என்றாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை நான் சொல்வதுதான் சட்டம்.

"மதினி, மாநாடு முடியுத வரைக்கும் ஒரு ஈ காக்கா இந்தப் படத்தப் பாக்கக் கூடாது. வரைங்க, அடிங்க, கட்டுங்க. யாருட்டயும் காட்டப்பிடாது."

"காட்டாம எப்பிடி அடிக்க?"

"கையாலதான்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அசரவில்லை. பால் சட்டியை வெளிப் படியில் வைத்தேன். இஸ்திரித் துணியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வந்தபோது மதினிக்குத் தலைவலி என்று சொன்னேன். முன்கதவை உள்ளே தாழ் போட்டேன்.

மாநாட்டுக்கென்று அவள் வரைந்த படம் ஏரல் படித்துறை. அவள் சிறு பிள்ளையில் குளித்த துறை. படியில் இறங்கினால் ஆற்றுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கல்மண்டபம், இடுப்பளவு தண்ணீரில் முதுகு காட்டி நிற்கிற ஒருத்தி, அவள் கைநழுவி மிதந்து போகிற ஒரு துணி. நீலம் மட்டும், ஒரே நிறம். அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். மூன்று நாள் மூடிக் கிடந்த வானம் ஒரு மத்தியானம் பளிச்சென்று திறந்தது. நான் கத்தினேன், அவள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். காற்றில் எண்ணெய்த்தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் அதைப் பிடித்துப் படுக்கவைக்க, நான் கண்ணாடியை வைத்து அழுத்தினேன். கீழே வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது ஆறு ஒரு கோடு பிசகாமல் துணியில் இறங்கியிருந்தது. மதினி வாயைத் திறக்காமல் அடித்தாள். நான் எடுத்து எடுத்துக் கயிற்றில் மாட்டினேன். பெட்டி பெட்டியாகச் சேர்ந்தது. எனக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

மாநாட்டு அன்று காலையில் மேசைமேல் என்னுடைய பட்டுச் சேலையை விரித்து அட்டைகளை அடுக்கினோம். உள்ளே பேச்சு நடக்கிறதோ இல்லையோ, எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம். பைகள் போயின, அடையாளச் சீட்டுகள் போயின, படித்துறை அட்டையை ஆளுக்கு நாலைந்தாக வாங்கினார்கள். பொங்கல் வாழ்த்து அனுப்ப வேறு கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி வாங்கினார்கள். மதினி யாரிடமாவது "இதுல என்ன..." என்று ஆரம்பித்தால் நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். மத்தியானம் ஆவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. டெய்லருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கெட்டிக் கண்ணாடி போட்ட ஒருவர் சம்சாரத்தோடு வந்து ஓர் அட்டையைக் கையில் எடுத்தார். வாங்குகிறவர்கள் பார்க்கிற மாதிரி இல்லை, வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இது ஏரலு துறைல்லா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. எனக்கு அதான் ஊரு."

"நமக்கும் அதான்." மறுபடியும் பார்த்தார். நான் காலை மிதிப்பதற்குள் மதினி கேட்டுவிட்டாள். "இதுல என்ன குறையுது, சொல்லுங்க."

"குறைன்னு இல்ல தாயி. படியில எறங்கும்போது மண்டபம் நம்ம இடதுகைப் பக்கம்லா நிக்கும். இதுல வலதுகைப் பக்கம் நிக்கே."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "துணியும் மலையப் பாத்துல்லா போவுது. ஆறு கடலுக்குப் போவாம பொதிகைக்கு ஏறுது."

மதினி அட்டையை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தாள். தாளின் முதுகு வழியாக மண்டபம் இடது பக்கம் நின்றது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாடியில், அந்தக் காற்றில், எண்ணெய்த்தாள் புரண்டு படுத்திருக்கிறது. எண்ணெய்த்தாளில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஊரில் ஒருவருக்காவது காட்டியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அதை நான் சொல்லவில்லை, மதினி சொன்னாள். அதற்குமேல் அவள் என்னைத் திட்டவும் இல்லை. அட்டைகளை எல்லாம் வாரிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள்.

"என்ன செய்யுதிய?"

"இது விக்கதுக்கு இல்ல."

"மதினி, கோட்டி புடிச்சிருக்கா? அந்தத் துறையப் பாத்தவங்க இங்க எத்தன பேரு இருக்காவ? முன்னறை போயிரும் மதினி."

"போவட்டும். ஆறு மலைக்குப் போவுதுன்னு தெரிஞ்சிக்கிட்டே குடுக்கச் சொல்லுதியா?"

ஏரல்காரருக்கே சங்கடமாகிவிட்டது. "நாலு அட்டை தாங்க தாயி, பரவாயில்ல" என்றார்.

"உங்களுக்குப் பரவாயில்ல அண்ணாச்சி. ஆத்துக்கு?" என்றாள் மதினி.

அதோடு நின்றாளா? வித்துப்போன அட்டைகளுக்கு என்ன செய்ய என்று கேட்டாள். வித்ததை என்ன செய்ய முடியும், அது போனது போனதுதான் என்றேன். அவள் விறுவிறுவென்று மாநாட்டு மண்டபத்துக்குள் போனாள். போய் ஒலிபெருக்கி வைத்திருந்தவரிடம் என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில், கவிதையைப் பற்றி யாரோ பேசி முடித்த கையோடு, அந்த மனிதர் கணீரென்று அறிவித்தார். வாசல் மேசையில் படித்துறை அட்டை வாங்கியவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும், அதில் ஆறு தப்பான பக்கம் ஓடுகிறது என்றார். மண்டபமே சிரித்தது. நான் பட்டுச் சேலையை மேசையிலிருந்து உருவித் தலையில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வேடிக்கை பார்க்க எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்க ஊருத் துறையில படி இவ்வளவு அகலம் இல்ல என்றார் களக்காட்டுக்காரர் ஒருவர். அவர் ஊரை யார் வரைந்தார்கள்? மதினி ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது. அங்கே விற்பதற்கு ஒரு சீட்டுகூடக் கிடையாது, மேசைக்கு முன்னால் நிற்க இடம் கிடையாது.

பஸ்ஸில் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். வண்ணார்பேட்டை தாண்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"பால்காரர்ட்ட கேப்பிய. இஸ்திரிக்காரர்ட்ட கேப்பிய. இன்னைக்கு மாநாட்டையே கூட்டி வச்சிக் கேட்டிய. இந்தச் சட்டத்த உங்க கூடச் சுமக்கவ நான். எங்கிட்ட ஒருநாள் கேட்டியளா மதினி?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

மதினி சன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பாலத்தில் பஸ் ஏறியது. கீழே ஆறு சரியான பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஊரு குறை சொன்னா மாத்திருவேன் ளா" என்றாள். "நீ சொன்னா வரையதையே நிறுத்திருவேன். அதான் கேக்கல."

பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தச்சநல்லூர் வந்தது, இறங்கினோம்.

அண்ணன் சொன்ன வாக்கு மாறாதவன். பெட்டிகளைப் பார்த்தான். பொங்கல் கழிந்ததும் சாவி கைமாறியது. நானும் அவனுமாக மேசையை மாடிக்கு ஏற்றி, மேலே ஒரு தகரம் போட்டுக் கொடுத்தோம். மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். "வெயிலு பக்கத்துல வந்துட்டுல்லா" என்றாள் மதினி. மனம் விட்டுச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா தெரியாது. கயிறுகளை அவிழ்த்த முன்னறையைக் கடக்கும்போதெல்லாம் நான் பழக்கத்தில் குனிந்தேன்.

டெய்லர் மிஷினை இறக்கிய அன்று, மூலையில் கிடந்த திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். மதினி மாடிப்படியில் நின்றுவிட்டாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"யக்கா," என்றார் அவர். "தண்ணிக்குள்ள நிக்குத இந்தம்மாவுக்கு முந்தானை வலது தோள்லல்லா கெடக்கு. எந்தப் பொம்பள இப்பிடி உடுத்துவா?"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறை போனவள் முகமா அது? முன்னறையில் இனி நாள் முழுக்கக் குறை சொல்ல ஓர் ஆள் உட்காரப் போகிறார் என்ற பூரிப்பு. எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டெய்லர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு, மதினி," என்றேன்.

"ஒங்கிட்ட யாருளா கேட்டா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தைக் கழுவ மாடிக்குப் போனாள்.